இரண்டு கையும் விடுபட வேண்டும்: மடிச்சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

பூவேலைத் துணியை இறுக்கிப் பிடிக்கும் கைவளையத்தை நெடுநேரம் பிடித்துத் தைப்பதால் வரும் மணிக்கட்டு வலி பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதன் பிறகு திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றியவை: மடியில் வைத்து, உயரத்தையும் சரிவையும் மாற்றிக்கொண்டு பூவேலை செய்யும் சட்டம். இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

உப்புவெளி வாசகி: 8 அங்குலக் கைவளையத்தில் குஷன் உறைக்குப் பூ தைக்கிறேன். அரை மணித்தியாலத்திலேயே இடது பெருவிரல் விறைத்துப் போகிறது. மடிச்சட்டம் வாங்கலாமென்று போனால் மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: வளையத்தின் விளிம்பைப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் ஓயாமல் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் விரல் விறைக்கிறது. அந்தப் பிடியை மரம் ஏற்றுக்கொண்டால் இரண்டு கையும் விடுபடும். ஒரு கை துணிக்கு மேலே, மற்றக் கை துணிக்குக் கீழே. பழகிய கையைக் கீழே வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஊசியைச் சரியான இடத்தில் ஏற்றுவதுதான் கடினம், அதற்குத் தேர்ந்த கை வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தடுமாறும், பிறகு தானாக வந்துவிடும். ஊசி சாய்ந்து நுழையாமல் செங்குத்தாக இறங்கி ஏறுவதால் நூலை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேராக வரும்.

நீங்கள் பார்த்த மூன்று வகையும் இவையாகத்தான் இருக்கும். ஒன்று, பலகை அடியும் அதில் நிற்கும் தடியும் அதன் தலையில் வளையமும் கொண்டது. பலகையைத் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொள்வீர்கள், உடம்பின் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, மேலும் கீழும் உருளை வைத்து, துணியைச் சுற்றிச் சுற்றி நகர்த்தும் நாற்சதுரச் சட்டம். மூன்றாவது, பிளாஸ்டிக் குழாய்களைக் கோத்து, பிளந்த குழாயைத் துணிக்கு மேலே அழுத்திப் பூட்டுவது. மூன்றாவது பாரமில்லாதது, கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மெல்லிய துணி அதில் வழுக்கும். குறுக்குத் தையலுக்கான தடித்த துணிக்குத்தான் அது பொருந்தும்.

வளையமா உருளையா என்பதை உங்கள் படத்தின் அளவு தீர்மானிக்கட்டும். படம் முழுவதும் வளையத்துக்குள், சுற்றிலும் ஓர் அங்குலம் மிச்சம் விட்டு அடங்கினால் வளையம் போதும். அடங்காவிட்டால், தைத்து முடித்த பூவின் மேலேயே வளையத்தை ஏற்றி இறுக்க வேண்டி வரும். நீள்-குட்டைத் தையலில் நிரப்பிய இதழ் அந்த இடத்தில் நசுங்கிப் பளபளப்பை இழந்துவிடும். ஆவி காட்டினாலும் அது முழுதாக மீளாது. 8 அங்குலப் பூவென்றால் 10 அங்குல வளையம் உள்ள சட்டம் எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 12 அங்குலத்துக்கு மேலே போனால் கீழ்க்கை நடுவுக்கு எட்டாது, தோளைத் தூக்கித் தைப்பீர்கள், வலி விரலிலிருந்து தோளுக்கு இடம் மாறியதுதான் மிச்சமாகும்.

இனி, கடையில் நின்று பார்க்க வேண்டியது. பொலிஷும் கடைசலும் கண்ணை இழுக்கும், கையை மூட்டுகளில் வையுங்கள். மாறக்கூடிய இடங்கள் மூன்று இருக்க வேண்டும்: தடியின் உயரம், வளையத்தின் சரிவு, வளையம் தடியில் திரும்புவது. மூன்றையும் கையால் இறுக்கிவிட்டு, உங்களுக்கு எதிர்ப்புறமுள்ள விளிம்பை இரண்டு விரலால் அழுத்துங்கள். விளிம்பு தாழ்ந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். புதிதாக இருக்கும்போதே தாழ்வது ஆறு மாதத்தில் ஊசி குத்தும்போதெல்லாம் தலையாட்டும். மரத்தோடு மரம் உரசி நிற்கும் மூட்டைவிட, நடுவில் தோல் அல்லது ரப்பர் வொஷர் வைத்த மூட்டு நன்றாகப் பிடிக்கும். திருகின் தலையையும் பாருங்கள். நாணயம் அளவுக்குச் சிறியதாக இருந்தால் விரலால் இறுக்க முடியாது.

உயரத்துக்கு ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு, வீட்டில் நீங்கள் வழமையாக இருந்து தைக்கும் கதிரையில் அமருங்கள். கைப்பிடி இல்லாத கதிரையாக இருந்தால் நல்லது. தொடையிலிருந்து மடக்கிய முழங்கை வரை அளந்து பாருங்கள். பெரும்பாலானோருக்கு இது 3 முதல் 4 அங்குலம் வரும். துணி முழங்கை மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே இருந்து உங்கள் பக்கம் சரிந்திருக்க வேண்டும். கீழ்க்கை ஊசியை இழுத்துத் திருப்பவும் இடம் வேண்டும். ஆகவே தடி தொடைக்கு மேலே 5 முதல் 8 அங்குலம் வரை ஏறி இறங்கினால் எவருக்கும் பொருந்தும். ஒரே உயரத்தில் ஒட்டிய தடியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கிண்ணியா வாசகி: எவ்வளவு இறுக்கினாலும் பத்து நிமிடத்தில் துணி தளர்ந்துவிடுகிறது. சாட்டின் துணி. வளையம் பழுதா?

பதில்: வளையம் பழுதாக இருக்கத் தேவையில்லை. வழுவழுப்பான மரமும் வழுவழுப்பான துணியும் ஒன்றையொன்று பிடிக்காது. உள்வளையத்துக்கு நாடா சுற்றுங்கள். அரை அங்குல அகலமுள்ள வெள்ளைப் பருத்தி நாடா, 8 அங்குல வளையத்துக்கு மூன்றரை யார். நாடாவைச் சரிவாகப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடும்படி இழுத்துச் சுற்றி, முடிவை உள்பக்கத்தில் நாலு தையல் போட்டு நிறுத்துங்கள். பசை பூச வேண்டாம், அது வெயிலில் இளகித் துணியில் ஏறும். முடிச்சோ தடிப்போ வெளிப்பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் துணி இறுகும், அதற்கு இருபக்கமும் தளரும்.

துணி ஏற்றும் முறையிலும் ஒரு பிழை நடக்கிறது. திருகை முழுதாக இறுக்கிவிட்டு அதன் பிறகு துணியை மூலைக்கு மூலை இழுக்கிறோம். மூலைவாக்கில் இழுத்தால் நெசவு கோணும். தட்டிப் பார்க்கும்போது பறைபோல இருக்கும், வளையத்தைக் கழற்றியதும் நீங்கள் தைத்த வட்டம் முட்டை வடிவமாகிவிடும். திருகைப் பாதி இறுக்குங்கள். மேல் கீழ், பிறகு இடம் வலம் என்று நூலோட்டத்தின் வழியே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இழுத்து முடிந்ததும் மிச்சத்தை இறுக்குங்கள். திருகு கடிகாரத்தின் 10 மணி இருக்கும் இடத்தில் இருக்கட்டும், நூல் அதில் போய்ச் சிக்குவது குறையும்.

மூதூர் வாசகர்: மனைவி உருளை வைத்த மடிச்சட்டம் கேட்கிறா. எங்கள் ஊர் ஓடாவி செய்து தருவார், ஆனால் அளவு கேட்கிறார். தர முடியுமா? எந்த மரம் நல்லது?

பதில்: தாராளமாகத் தரலாம். ஊர் ஓடாவியிடம் உங்கள் மடிக்கு அளந்து செய்விப்பது, எல்லோருக்கும் ஒரே அளவில் வரும் பெட்டிச் சாமானைவிட மேல் என்பது எங்கள் துணிவான கருத்து.

முதலில் மரம். முதிரையும் பாலையும் உறுதிக்குப் பேர்போனவை, ஆனால் மடிக்குப் பாரம், ஒரு மணித்தியாலத்தில் கால் மரத்துவிடும். மஹோகனியோ, மருந்திட்டுப் பதப்படுத்திய ரப்பர் மரமோ போதும். பலா இலேசானது, வேலைக்கும் இணங்கும். ஆனால் பலாவின் வைரத்தில், அதாவது முற்றிய நடுமரத்தில், மஞ்சள் சாயம் இருக்கிறது. பிக்குமாரின் சீவரத்துக்கு மரபாகக் காய்ச்சுவது அந்தச் சாயந்தான். ஈரக்கையோ வியர்வையோ பட்டால் வெள்ளைத் துணிக்கு இறங்கிவிடும். பலாவில்தான் செய்வதென்றால் உருளைகளை மட்டுமாவது வேறு மரத்தில் செய்யச் சொல்லுங்கள், அல்லது வெள்ளைப் பருத்தித் துணியால் மூடிவிடுங்கள்.

அளவுகள் இவை. உருளை இரண்டு: நீளம் 17 அங்குலம், குறுக்களவு 1¼ அங்குலம். ஒவ்வொரு முனையிலும் ¾ அங்குல நீளத்துக்கு மட்டும் ¾ அங்குலக் கனமாகக் கடைய வேண்டும். அப்போது ஒரு தோள் உண்டாகும். சட்டம் உள்ளே நெருங்காமல் தடுப்பது அந்தத் தோள்தான்.

பக்கச் சட்டம் இரண்டு: நீளம் 12 அங்குலம், அகலம் 1½, கனம் ¾. ஒவ்வொரு முனையிலிருந்தும் 1¼ அங்குலத்தில் ¾ அங்குலத் துளை. இனித்தான் முக்கியமான இடம். முனையிலிருந்து துளை வரை வாளால் நடுவே அறுத்து, அந்த அறுப்பைத் துளையைத் தாண்டி இன்னும் ஓர் அங்குலம் கொண்டுபோக வேண்டும். துளையோடு நிறுத்தினால் மரம் வளையாது, திருகை இறுக்கும்போது வெடிக்கும். அறுப்பு முடியும் புள்ளியில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால் அதற்கு மேலே வெடிப்பு ஓடாது. முனைக்கும் பெரிய துளைக்கும் இடையில், முனையிலிருந்து அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தில், அகலவாட்டில் கால் அங்குல போல்ட் நுழைத்து, வொஷரும் பட்டர்பிளை நட்டும் போடுங்கள். போல்ட்டின் நீளம் 2½ அங்குலம். நட்டை இறுக்கினால் பிளவு மூடி உருளையைக் கவ்விக்கொள்ளும், தளர்த்தினால் உருளை சுழலும். இப்படி நான்கு.

தாங்கும் கால் பலகை இரண்டு: உயரம் 8½, அகலம் 7, கனம் ¾. கீழிருந்து 5, 6, 7 அங்குலத்தில் மூன்று துளைகள், உயரத்தை மாற்ற. பக்கச் சட்டத்தின் நடுவில் ஒரு துளை போட்டு, 5/16 அங்குல போல்ட்டால் கால் பலகையின் உட்புறத்தில் பொருத்துங்கள். இரண்டு மரத்துக்கும் நடுவில் பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பர் ஒன்று வையுங்கள், சரிவு அசையாமல் நிற்கும். கால் பலகைகளின் அடியை 2 அங்குல அகலச் சட்டம் இரண்டால் இணைத்து, தொடையில் படும் பக்கத்துக்குப் பழைய துணி மடித்துத் தைத்துவிடுங்கள். மொத்த அகலம் 19 அங்குலம் அளவில் வரும். மனைவியின் தொடை அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். கால் பலகைகள் தொடைக்கு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு உருளையிலும் 15 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலப் பருத்தி நாடா ஒன்றைச் சிற்றாணியால் வரிசையாக அறையச் சொல்லுங்கள். நாடாவின் ஒரு ஓரம் மட்டும் மரத்தில், மற்ற ஓரம் விடுபட்டு. நடுப்புள்ளியைப் பென்சிலால் குறித்து வைப்பது அவசியம். இந்தச் சட்டத்தில் 13 அங்குலம் வரை அகலமுள்ள துணி ஏற்றலாம், ஒரே நேரத்தில் கண்முன் தெரிவது 8 அங்குலம்.

தம்பலகாமம் வாசகி: உருளைச் சட்டத்தில் துணி மேலும் கீழும் இறுக்கமாக இருக்கிறது, நடுவில் தொட்டில்போலத் தொய்கிறது. எங்கே பிழை?

பதில்: உருளை ஒரு திசையில்தான் இழுக்கும். பக்கவாட்டில் இழுக்க அதற்கு வழியில்லை. நீங்கள் பக்கத்தைக் கட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அநேகமாக எல்லோரும் விடுவது அதைத்தான். கடைகளில் சட்டத்தோடு வரும் தாளிலும் இது இருப்பதில்லை.

முதலிலிருந்து சொல்கிறோம், இதில் அவசரப்படக் கூடாது. துணியை ஒரு நூல் உருவி, அந்தக் கோட்டில் நேராக வெட்டுங்கள். கண்மட்டத்தில் வெட்டினால் நூலோட்டம் கோணும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ஒரு மூலை தொய்யும். மேல், கீழ் விளிம்புகளை அரை அங்குலம் மடியுங்கள். இரு பக்க விளிம்புகளிலும் நாடா வைத்துத் தையுங்கள், கயிறு இழுக்கும்போது துணி கிழியாமல் அது காக்கும். துணியை நடுவாக மடித்து நகத்தால் கீறி அடையாளம் செய்யுங்கள்.

அந்த அடையாளத்தை உருளை நாடாவின் நடுக்குறியோடு சேர்த்து ஊசி குத்துங்கள். தையலை நடுவிலிருந்து வெளியே கொண்டுபோங்கள்: நடுவிலிருந்து வலது முனைக்கு ஒருமுறை, பிறகு நடுவிலிருந்து இடது முனைக்கு ஒருமுறை. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போனால் துணி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுண்டு கடைசியில் அரை அங்குலம் மிஞ்சும். பொத்தான் தைக்கும் தடித்த நூலை இரட்டையாக எடுங்கள், தையல் கால் அங்குலத்துக்கு மேல் நீள வேண்டாம். மற்ற உருளைக்கும் இதேபோல. மிச்சத் துணியைக் கீழ் உருளையில் சுற்றி, நான்கு நட்டையும் இறுக்குங்கள். ஒரு உருளையைப் பூட்டிவிட்டு மற்றதைச் சுழற்றி இழுத்துப் பூட்டுவதே முறை.

இப்போது பக்கம். முறுக்குள்ள பருத்திக் கயிறு, ஒரு பக்கத்துக்கு இரண்டு யார். தடித்த ஊசியில் கோத்து, பக்க நாடாவில் ஓர் அங்குலத்துக்கு ஒரு குத்தாக எடுத்து, சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வாருங்கள். இரு முனையிலும் ஒரு சாண் கயிறு தொங்கட்டும். இரண்டு பக்கமும் முடிந்த பிறகு, நடுச்சுற்றிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு சுற்றையும் விரலால் இழுத்து இறுக்கி, இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சுப் போடுங்கள். விரல் நுனியால் துணியில் தட்டினால் ‘டப்’ என்று கேட்க வேண்டும். அது கேட்டால் தைக்கத் தொடங்கலாம். துணியை நகர்த்தும்போது முதலில் பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் உருளையைச் சுழற்ற வேண்டும். அதை மறந்தால் பக்க விளிம்பு கிழியும். தைத்த பகுதி உருளைக்குள் போகும்போது மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை வைத்துச் சேர்த்துச் சுற்றுங்கள்.

நிலாவெளி வாசகி: கடலுக்குப் பக்கத்து வீடு. வளையத்தின் திருகு துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கறை விழுந்துவிட்டது. போக்க முடியுமா?

பதில்: வெள்ளைப் பருத்தியாக இருந்தால் தேசிக்காய்ச் சாறும் உப்பும் கறையில் தேய்த்து, ஈரம் காயாதபடி வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்து அலசுங்கள். தேவைப்பட்டால் மறுபடியும் செய்யலாம். குளோரின் வெளுப்பு மருந்து எக்காரணம் கொண்டும் போட வேண்டாம், அது துருக்கறையை நிலைக்க வைத்துவிடும். பட்டுக்கும் வண்ண நூல் தைத்த இடத்துக்கும் தேசிக்காய் கூடாது.

துரு திரும்ப வராமலிருக்க, முலாம் பூசிய திருகை மாற்றிப் பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ போடுங்கள். முலாம் உரிந்த இடத்திலிருந்துதான் உப்புக்காற்று உள்ளே நுழைகிறது. எண்ணெய் பூசாதீர்கள், அதுவும் துணியில் கறை போடும். தேன்மெழுகைத் திருகின் புரியில் தேய்த்தால் போதும், இறுக்கவும் இலேசாக இருக்கும். இரவில் வளையத்திலிருந்து துணியைக் கழற்றி வையுங்கள். வளையத் தழும்பும் விழாது.

சாம்பல்தீவு வாசகி: மாரியில் என் சட்டத்தின் தடி குழியில் இறுகிப்போய் அசையவே மாட்டேன் என்கிறது. கோடையில் அதே தடி ஆடுகிறது.

பதில்: மரம் மாரி ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கும். இறுகும்போது தேய்த்துக் குறைத்துவிடாதீர்கள், கோடையில் இன்னும் மோசமாக ஆடும். தடியில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டு முறுக்கி முறுக்கி எடுங்கள். ஆடும் காலத்தில் தடியைச் சுற்றி ஒரு சுற்றுக் கடதாசி வைத்துச் செருகலாம். மாரியில் துணியின் இறுக்கமும் ஒரே நாளில் மாறும், ஒவ்வொரு முறை தைக்க அமரும்போதும் தட்டிப் பாருங்கள்.

திருகோணமலை நகர மாணவி: கொக்கி ஊசியால் செய்யும் ஆரி வேலை பழகுகிறேன். பெரிய கட்டில் சட்டம் வைக்க வீட்டில் இடமில்லை. மடிச்சட்டத்தில் செய்யலாமா?

பதில்: செய்யலாம், தங்கச்சி, எல்லை தெரிந்து செய்தால். ஆரி ஊசி மேலிருந்து இறங்க, கீழ்க்கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்க வேண்டும். துணி சற்றுத் தளர்ந்தாலும் கொக்கி நெசவில் மாட்டி நூல் அறும். ஆகவே நாடா சுற்றிய 8 அல்லது 10 அங்குல வளையம், கீழே குறைந்தது 5 அங்குல வெளி. சங்கிலித் தையல் பழகவும், சட்டைக் கையில் ஒரு பூ போடவும் இது நிறையக் காணும். மணி, ஜமிக்கி வைத்த வேலைக்கு உருளைச் சட்டத்தை மட்டும் தொடாதே. சுற்றும்போது மணி உடையும், நூலும் அறும். மணப்பெண் சட்டையின் கழுத்தும் முதுகும் முழுதாகச் செய்யும் நாள் வந்தால், நான்கு பலகை பூட்டிய பெரிய சட்டத்தை இரண்டு கதிரையின் முதுகில் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் சுவரில் சாத்திவிடலாம், கட்டில் இடம் தேவைப்படாது.

கன்னியா வாசகி: எனக்கு இடக்கைப் பழக்கம். மடிச்சட்டத்தில் விளக்கை எந்தப் பக்கம் வைப்பது?

பதில்: துணிக்கு மேலே இருக்கும் கைக்கு எதிர்ப்பக்கம். இடது கையைக் கீழே வைத்தால் மேலே இருப்பது வலது கை, விளக்கு இடப்பக்கம், தோளுக்கு மேலிருந்து விழ வேண்டும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தைக்கும் நாளில் மடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வரும் ஊசிமுனை கண்ணில் தெளிவாகப் படும்.